மடிப்பில் போன தெரு

இல்லாத வீட்டை இடிக்கப்போவதாக ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த வீட்டுக்கேதான் வந்தது. தபால்காரர் கதவைத் தட்டி, வீட்டில் இருந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கவரை நீட்டிவிட்டுப் போனார்.

வாங்கியவர் பம்ப் மெக்கானிக். ஊரில் பாதி மோட்டார்கள் அவர் கைபட்டுத்தான் தண்ணீர் இறைக்கின்றன. அவர் நோட்டீஸை மூன்று முறை படித்தார். 'மேற்கண்ட முகவரியில் வீடு எதுவும் இல்லை என்று மூலப்படத்தின் வாயிலாகத் தெரியவருகிறது. வீடு இருப்பதைத் தாங்கள் முப்பது நாட்களுக்குள் நிரூபிக்கத் தவறினால், மேற்படி இல்லாத வீடு அகற்றப்படும்.' கீழே ஆதி நிலப்படத் துறையின் துணை இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். டாக்டர் ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"என்னவாம்?" என்றாள்.

"நம்ம வீடு இல்லையாம்."

"நல்லாப் படிச்சீங்களா? நம்ம வீடுதானா?"

"நம்ம வீடுதான். நம்பர் போட்டிருக்கு."

"இல்லாத வீட்டுக்கு நம்பர் எதுக்கு?" என்றாள் அவள். இந்தக் கேள்விக்கு இன்றுவரை அரசாங்கத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

தெருவில் இருந்த நாற்பத்தொரு வீடுகளுக்கும் அதே நோட்டீஸ் வந்திருந்தது. எதிர்வீட்டு பஸ் டிரைவர் தலைமையில் கூட்டம் கூடியது. அவர் ஓய்வுபெற்றவர். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். மெக்கானிக் இல்லாத நேரத்தில் அவர் மனைவிக்கு மாத்திரை வாங்கி வருவதும் டிரைவர்தான்.

"எல்லாரும் போனா கூட்டம் சேத்துட்டாங்கன்னு விரட்டிடுவாங்க. நீ போ தம்பி. நீதான் நிதானமாப் பேசுவ" என்றார்.

நிதானமானவன் என்று ஒரு தெருவே சேர்ந்து ஒருவரைச் சொன்னால், அவர் தலையில் எதையோ ஏற்றப்போகிறது என்று பொருள். மெக்கானிக் மறுநாள் காலை துறைக்குப் போனார்.

ஆதி நிலப்படத் துறையில் விளக்கு போடுவதில்லை. வெளிச்சம் பட்டால் பழைய மை மங்கிவிடுமாம். அதனால் அறுபது பேர் அரையிருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்த்தார்கள். கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூலப்படம் இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஆதி அளவர் என்ற மனிதர் குதிரையில் இந்தப் பகுதிக்கு வந்து, முதல் குடியேற்றத்தை அளந்து வரைந்த படம். ஒன்பது வீடு, ஒரு கிணறு, ஒரு வேலி. தினமும் பத்தரை மணிக்கு அறுபது பேரும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். வந்தவர்களும் நிற்க வேண்டும். வந்தவர்களுக்கான கையுறை ஒரே அளவுதான். மெக்கானிக்குக்கு அது விரலின் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு நிமிடமும் கையை மேலே தூக்கியபடி, யாரிடமோ பிடிபட்டவரைப் போல நின்றார்.

படி வரைபவர் என்று ஓர் அம்மாள் இருந்தார். மூலப்படத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பார்த்து வரைவது அவர் வேலை. நல்ல மனுஷி. முகவரியைக் கேட்டுக்கொண்டு பூதக்கண்ணாடியோடு பெட்டிமேல் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வருத்தம் இருந்தது.

"உங்க தெரு மடிப்புல போயிடுச்சு சார்."

"எந்த மடிப்புலம்மா?"

ஆதி அளவர் படத்தை நாலாக மடித்து, சேணப்பையில் வைத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகள் அலைந்திருக்கிறார். மடித்த இடத்தில் தாள் தேய்ந்து, மை உதிர்ந்து, பழுப்பாக ஒரு பட்டை விழுந்துவிட்டது. துறையின் முதல் விதி, 'கண்டதை வரை, தெரிந்ததை வரையாதே' என்பது. ஆகவே முதல் படி வரைந்தவர் அந்தப் பழுப்புப் பட்டையையும் வரைந்துவிட்டார். ஐந்தாவது படியின்போது வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவர் அது என்ன என்று கேட்க, அன்றைய இயக்குநர் தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் "எல்லைப்புறம்" என்றிருக்கிறார். அன்று முதல் அது எல்லைப்புறம், ஆளில்லாத நிலம். அதைக் காப்பதற்கு இரண்டு முறை படையே போயிருக்கிறது. படை போய், நாற்பத்தொரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, யாரும் இல்லை என்று அறிக்கை கொடுத்திருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு தெருவையே காகித மடிப்பில் மறைத்திருந்தார்கள்.

"இந்தப் பக்கம் ஒரு மலை இருக்கே, அது எங்க இருக்கு?" என்றார் மெக்கானிக். படத்தில் கண்ட அந்த இடத்தில் அவர் நாற்பதடி குழாய் இறக்கியிருக்கிறார். சமதரை.

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அது கொசு சார். மூணாவது படி வரையும்போது யாரோ மூலப்படத்து மேலயே அடிச்சிருக்காங்க. ரெண்டு இறக்கையும் தெரியுது பாருங்க. இப்ப அதுக்கு இருநூத்திப் பதினாலு மீட்டர் உயரம் போட்டாச்சு."

துணை இயக்குநர் அறைக்குள் மெக்கானிக்கை அனுப்பினார்கள். அவர் குறை சொல்ல முடியாத மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார்.

"சார், எங்க தெரு இருக்குங்க. பதினாலாம் நம்பர் பஸ் வருது. நீங்க ஒரு தடவை வந்து பாத்தாப் போதும்" என்றார் மெக்கானிக்.

"பாக்கறதா?" துணை இயக்குநர் சிரித்தார். "நான் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. நிலத்தை ஒரு தடவை கூடப் பாத்ததில்ல. மழை பெஞ்சா நிலம் மாறும். ஒருத்தன் வீடு கட்டினா மாறும். மாறிக்கிட்டே இருக்கறத நம்பி ஒரு துறையை நடத்த முடியுமா? படம் இருநூறு வருஷமா மாறல. நிலத்துக்கும் படத்துக்கும் ஒத்துப்போகலன்னா, நிலத்துலதான் ஏதோ தப்பு நடந்திருக்கு. அதைத் திருத்தறதுக்குத்தான் துறை இருக்கு."

"நீங்க ஆபீசுக்கு எங்க தெரு வழியாத்தானே சார் வரணும்? வேற வழியே இல்லையே."

"அந்த இடம் வந்ததும் நான் பேப்பரை விரிச்சுக்குவேன்" என்றார் துணை இயக்குநர். சொன்ன முறையில் ஒரு தியாகியின் எளிமை இருந்தது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். துறை கண்ணாடி கேட்டது, அதுவும் பூதக்கண்ணாடி. மெக்கானிக் வீட்டின் புகைப்படங்களைக் கொண்டுபோனார். புகைப்படம் மூலப்படத்துக்குப் பின்னால் வந்த கண்டுபிடிப்பு என்பதால் ஏற்கவில்லை. அக்கம்பக்கத்தார் நாற்பது பேர் கையெழுத்திட்ட சாட்சிக் கடிதத்தைக் கொண்டுபோனார். அந்த நாற்பது பேரும் ஆளில்லாத இடத்தில் வசிப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் என்பதால் அவர்கள் சாட்சி செல்லாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் பின்சுவரிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார்.

துறை முதல் முறையாக உற்சாகமடைந்தது. மூன்று பேர் கையுறையோடு ஓடி வந்தார்கள். மறுநாள் அந்தச் செங்கல் இன்னொரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. 'எல்லைப்புறத்தில் கிடைத்த செங்கல். காலம் தெரியவில்லை. செய்தவர்கள் மறைந்துவிட்டனர்.'

அவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பின்சுவரை அவரும் அவர் மனைவியும் சேர்ந்து கட்டினார்கள். அவள் கல் எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி மூன்றாவது மாதம். மறைந்துவிட்டவள் வீட்டில் கட்டிலில் கிடந்து சுவர் ஓட்டை வழியாகக் காற்று வருகிறது என்று சண்டை போட்டாள்.

"துணியைச் சுருட்டி அடைச்சிருக்கேன்ல" என்றார்.

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அதுக்குள்ள என்னை எங்க தூக்கிட்டுப் போவீங்க?" என்றாள். அதைச் சண்டைபோடும் குரலில் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

வழியைச் சொன்னது அந்தப் படி வரையும் அம்மாள்தான். எல்லைப்புறச் சட்டம் மூன்றாம் பிரிவின்படி, ஆளில்லாத நிலத்தை முதலில் வந்து கண்டடைபவருக்கு நிலம் முழுவதும் சொந்தம். இருநூறு ஆண்டுகளாக யாரும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தால் படத்தில் ஏற்றித்தான் ஆகவேண்டும்.

"உங்க தெருவை நீங்களே போய்க் கண்டுபிடிச்சிருங்க சார்" என்றார்.

தெரு கூடிப் பேசியது. மெக்கானிக் கண்டுபிடிப்பது, நிலம் அவர் பெயருக்கு வந்ததும் அவரவர் வீட்டை அவரவருக்கே எழுதிக்கொடுப்பது. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். விதிகள் கடுமையாக இருந்தன. ஆதி அளவர் வந்தது போலக் குதிரையில் வர வேண்டும். கூட ஒரு வழிகாட்டி வேண்டும். அதற்கு டிரைவர் முன்வந்தார். நிலம் ஆளில்லாமல் தோன்ற வேண்டும். ஆகவே கண்டுபிடிப்பு முடியும்வரை நாற்பத்தொரு கதவுகளும் சாத்தியிருக்க வேண்டும், பிள்ளைகள் சத்தம் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டடைபவர் நிலத்தைப் பார்த்ததும் ஆச்சரியப்பட வேண்டும். ஆச்சரியப்படாமல் வந்தால் அது கண்டடைதல் ஆகாது, வெறும் வருகை.

ஆச்சரியத்துக்கு ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. டிரைவர்தான் சொல்லிக்கொடுத்தார். முப்பது ஆண்டுகள் பஸ் ஓட்டியவரிடம் திடுக்கிட்ட முகம் எப்போதும் கைவசம் இருந்தது.

"புருவத்தைத் தூக்கு தம்பி. வாயைத் திற. அவ்வளவு இல்ல, பல் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி இருக்கு. ஒரு லாரி குறுக்க வந்திருச்சுன்னு நினைச்சுக்க."

"லாரி வந்தா நான் ஒதுங்கித்தாண்ணே போவேன்."

"அதுதான் உன் கஷ்டம்" என்றார் டிரைவர்.

குறித்த நாள் காலை ஏழு மணிக்கு, பஸ் டிப்போவிலிருந்து பயணம் புறப்பட்டது. பூங்காவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் குதிரைதான் கிடைத்தது. அது தன் வழக்கப்படி நூறடிக்கு ஒருமுறை வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. டிரைவர் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். மூன்று கிலோமீட்டரைக் கடக்க இரண்டரை மணி நேரம் ஆனது. பின்னால் ஜீப்பில் துணை இயக்குநரும் படி வரையும் அம்மாளும் வந்தார்கள்.

தெருமுனையில் துணை இயக்குநர் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றார். இருபத்தெட்டு ஆண்டு விரதத்தைக் கலைக்க அவர் தயாராக இல்லை. அம்மாள் தெருவைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் கேட்டுக்கொள்வார்.

குதிரை மெக்கானிக்கின் வீட்டெதிரே வந்து நின்றது.

"என்ன தெரியுது?" என்றார் துணை இயக்குநர்.

"வந்தவர் குதிரை மேல உக்காந்திருக்கார் சார். வீட்டைப் பாக்கறார்."

"ஆச்சரியம்?"

அம்மாள் உற்றுப் பார்த்தார். "இல்ல சார். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கார்."

திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை மெக்கானிக் புருவத்தைத் தூக்கினார், ஆனால் கண் தானாக மொட்டைமாடித் தொட்டிக்குப் போய், தண்ணீர் வழிகிறதா என்று பார்த்தது. மூன்றாவது முறை வாயைத் திறந்தார், கொட்டாவி வந்தது.

துணை இயக்குநருக்குப் பொறுமை போயிற்று. குடைக்கு அடியிலிருந்து சத்தம் போட்டார். "என்ன மனுஷன்யா நீங்க? ஒரு நிலம் உங்களுக்கு முன்னால விரிஞ்சு கிடக்குது. ஆதி அளவர் இப்படியா வந்திருப்பார்? ஆச்சரியப்படக்கூடத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா நிலம்?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து மூன்று வயதில் தெருநடுவில் ஏச்சு வாங்குவது சுலபமில்லை. அதுவும் நாற்பது வீட்டு ஜன்னல் இடுக்குகளுக்குப் பின்னால் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது.

அவர் வீட்டுக் கதவு திறந்தது.

அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். படுக்கையிலிருந்து தானே எழுந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வாசல்வரை வந்திருந்தாள். ஐந்து வாரமாகத் தரையில் படாத கால் தரையில் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"யாருங்க அது, அவரைத் திட்டறது?" என்றாள்.

மெக்கானிக்கின் புருவம் ஏறியது. வாய் திறந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. லாரி எதையும் அவர் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

"சார்," என்றார் அம்மாள் மெல்ல. "ஆச்சரியம் வந்திருச்சு சார். அசல்."

"பதிவு பண்ணுங்க. இனிமே இந்த நிலம் அவருடையது. வாழ்த்துக்கள்." துணை இயக்குநர் முதுகாலேயே வாழ்த்தினார். பிறகு, "பேச்சுச் சத்தம் கேட்டுதே, யாரு?" என்றார்.

"என் சம்சாரம்ங்க" என்றார் மெக்கானிக்.

"நீங்க இப்பத்தானே வந்தீங்க. உங்களுக்கு முன்னாலயே உங்க சம்சாரம் எப்படி இங்க இருக்க முடியும்?" துணை இயக்குநர் அம்மாள் இருந்த பக்கம் குடையைச் சாய்த்தார். "அம்மா, நீங்க கண்டதைச் சொல்லுங்க. தெரிஞ்சதைச் சொல்லாதீங்க."

படி வரையும் அம்மாள் நெடுநேரம் அவளைப் பார்த்தார். "ஒரு பொம்பள சார். வாசல்ல நிக்கறாங்க. நாம வர்றதுக்கு முன்னாலயே இருந்திருக்காங்க."

"அப்ப அஞ்சாம் பிரிவு" என்றார் துணை இயக்குநர்.

ஐந்தாம் பிரிவைப் பற்றி அம்மாள் முன்பே சொல்லியிருக்கவில்லை. இருநூறு ஆண்டுகளாக யாரும் மூன்றாம் பிரிவுக்கே வராததால் ஐந்தாம் பிரிவு அவருக்கு நினைவில் இல்லை. கண்டடைந்த நிலத்தில் முன்பே காணப்படும் நபர்கள் முப்பது நாட்களுக்குள் அகற்றப்படுவர். அகற்றும் பொறுப்பு கண்டடைந்தவருடையது. இங்கே கையெழுத்து.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் துணை இயக்குநர், முதல் நாள் தண்ணீர் கொடுக்கச் சொன்ன அதே கனிவோடு. "இது உங்களுக்காகப் போட்ட சட்டம் இல்ல. எந்தப் பழைய படத்தை வேணா எடுத்துப் பாருங்க. முதல்ல வந்தவர் பேர் இருக்கும். அவருக்கு முன்னால இருந்தவங்க பேர் எதுலயாவது இருக்கா? இருந்தா அது நிலப்படம் இல்ல சார், புகார் மனு. நாங்க யாருக்கும் கெடுதல் நினைக்கறதில்ல. நாங்க பாக்கறதே இல்லையே."

"அவளால நடக்க முடியாதுங்க. இன்னும் ஒரு வாரம் காலை ஊனக்கூடாது."

"அதான் முப்பது நாள் இருக்கே."

வாசலில் அவள் கால் நடுங்கத் தொடங்கியது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டார். குதிரையிலிருந்து இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி. ஓடிப்போய் அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"எனக்கு எந்த நிலமும் வேணாம். நான் எதையும் கண்டுபிடிக்கல. நான் இந்த வீட்டுக்காரன்."

துணை இயக்குநர் குடையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அம்மா, இப்ப என்ன தெரியுது?"

"வாசல்ல ரெண்டு பேர் சார்."

"ரெண்டுன்னு எழுதுங்க."

அம்மாள் எழுதினார். பேனாவை எடுத்துவிட்டு, விதியில் இல்லாத ஒரு காரியமாக, "எத்தனை வருஷமாம்மா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"இருபத்தாறு வருஷம்" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

அம்மாள் படிவத்தில் மேலும் கீழுமாகத் தேடினார். அதற்கு அங்கே கட்டம் இல்லை. அகற்ற வேண்டிய நாளுக்குத்தான் இருந்தது. அதை நிரப்பினார்.

"கண்டடைபவர் இடம் காலியா இருக்கு. இன்னிக்கு முடிக்கலன்னா தெரு மொத்தத்தையும் எடுத்துருவாங்க. குதிரையைப் பிடிச்சிருக்கறவர் யாரு?" என்றார் துணை இயக்குநர்.

"வழிகாட்டி சார்."

"அவர் ஏறட்டும்."

தெருவில் நாற்பது கதவுகள் சாத்தியே இருந்தன. துறை சொன்னபடி ஒரு பிள்ளைகூடச் சத்தம் போடவில்லை. டிரைவர் தன் வீட்டுக் கதவைப் பார்த்தார், பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார்.

"நாப்பது வீடு தம்பி" என்றார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட கணக்குகள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதைப்போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

டிரைவர் குதிரையில் ஏறினார். அந்த ஒரு முறை குதிரை எங்கும் வட்டமடிக்காமல் முனைவரை போய், நேராகத் திரும்பி வந்தது. வீட்டெதிரே நின்றதும் டிரைவரின் புருவம் ஏறியது, வாய் அளவாகத் திறந்தது. முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. அதே முகத்தோடு அவர் அந்த வீட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். பார்வை அவர்கள்மேல் நிற்கவில்லை.

மெக்கானிக்கின் மனைவி கணவனின் தோளில் சாய்ந்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கண்ணே," என்றாள். "வெயில்ல எவ்வளவு நேரம் நிப்பீங்க. உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

குத்திக்காட்டினாளா, வழக்கம்போலக் கூப்பிட்டாளா என்று இருபத்தாறு ஆண்டு கூட இருந்த கணவனுக்கே தெரியவில்லை. டிரைவரின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

"என்ன நடக்குது?" என்றார் துணை இயக்குநர்.

படி வரையும் அம்மாள் கண்டதைக் கண்டபடி எழுதினார். மூலப்படத்தின் புதிய படியில், அடிக்குறிப்பாக, அது இன்றும் இருக்கிறது: 'நிலத்தில் முன்பே காணப்பட்டவர்கள் இருவர். நட்புடன் பழகினார்கள்.'